நாலாவது பாட்டில் ஒரு இருமல்

பார்சல் பதினொன்றரைக்கே வந்துவிட்டது. வயலட் அதைப் பிரித்தபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. நடுவில் தயிர்சாதம் சாப்பிட்டாள், தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள், நாளைக்கு ஊறவைக்க வேண்டிய அரிசியை இன்றைக்கே களைந்து ஊறவைத்துவிட்டு ஏன் இப்படிச் செய்தோம் என்று கொஞ்ச நேரம் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எழுபத்தொரு வயதில் ஒரு அட்டைப் பெட்டிக்குப் பயப்படுவதா என்று தன்னைத் தானே கேட்டுக்கொண்டாள். பயமில்லை, சும்மா ஒரு தயக்கம். பிரித்தால் உள்ளே ஒரு வெள்ளை உறை, அதற்குள் ஒரு கறுப்புத் தட்டு. நடுவிலிருந்த வட்டக் காகிதமும் வெள்ளை, ஒரு எழுத்துக்கூட இல்லை. ஞானஸ்நானம் கொடுக்காத பிள்ளை மாதிரி இருந்தது. உறைக்குள் ஒரு கடிதம். பெங்களூரில் பழைய இசைத்தட்டுகளை மறுபடி அச்சுப் போட்டு விற்கிற சின்னக் கம்பெனியிலிருந்து மிருதுளா என்கிற பெண் எழுதியிருந்தாள். போனில் ஐந்தாறு தடவை பேசியிருக்கிறார்கள். குரலைக் கேட்டாலே இந்தப் பெண் தலையைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொண்டு பேசுகிறவள் என்று வயலட்டுக்குத் தெரியும். ‘இது சோதனைத் தட்டு மேடம். கேட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். நாலாவது பாட்டுக்கு முன்னால் இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சு பழைய தட்டில் கிடையாது, இப்போது கிடைத்த மூல டேப்பில்தான் இருந்தது. நன்றாக இருந்ததால் வெட்டாமல் விட்டிருக்கிறோம். யார் குரல் என்று உங்களால் சொல்ல முடிந்தால் உறையில் போட்டுவிடலாம். இந்தப் பார்சல் உங்களுக்குக் கிடைக்கிற அன்றே உறை அச்சுக்குப் போகிறது, அன்று நாலு மணிக்குக் கூப்பிடுகிறேன்.’ யார் குரல் என்று கேட்டிருக்கிறாள், அதுவும் வயலட்டிடம். பெரம்பூர் ரயில்வே எக்ஸ்சேஞ்சில் முப்பத்து மூன்று வருஷம் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு இது ஒரு வேலையா? ஆள் வாயைத் திறக்க வேண்டாம், லைனில் மூச்சு வந்தாலே அரக்கோணமா ஜோலார்பேட்டையா என்று சொல்லிவிடுவாள்.

தட்டின் பெயர் ‘உப்பளம்’. எழுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதத்தில், திங்கள் முதல் வியாழன் வரை நாலே நாளில் கோடம்பாக்கத்தில் பதிவு செய்தது. ஒரு பக்கம் தூத்துக்குடிப் பையன்கள், சங்கரவேல் என்று தாடி வைத்த ஒருத்தன் தலைமையில். உப்பள வேலைக்காரர்கள் பாடுகிற பாட்டை எலெக்ட்ரிக் கிடாரில் போட்டுப் பாடுகிறவர்கள். இன்னொரு பக்கம் மவுண்ட்ரோடு ஓட்டல் ஒன்றில் சாயங்காலம் ஜாஸ் வாசிக்கிற நாலு பேர், அதில் சாக்ஸபோன், அவர்கள் பேச்சில் சாக்ஸ், ஊதுகிறவர்தான் வயலட்டின் வீட்டுக்காரர் இன்னாசி. இந்த இரண்டு கூட்டமும் எப்படிச் சேர்ந்தது என்று யார் கேட்டாலும் இன்னாசி ஒரே பதிலைத்தான் சொல்வார்: மழைக்கு ஓட்டல் வாசலில் ஒதுங்கினான்கள், உள்ளே வாங்கடா என்றேன். ஐந்நூறு தட்டு போட்டார்கள், நூறுகூடப் போகவில்லை. இப்போது என்னடாவென்றால் ஜப்பானில் எவனோ அந்தப் பழைய தட்டை ஒரு பவுன் விலைக்கு வாங்கினான் என்கிறாள் மிருதுளா. வயலட் முள்ளை வைத்தாள். முள் விளிம்பில் ஒரு தடவை துள்ளிவிட்டு உட்கார்ந்தது. அம்மாடி, என்ன சுத்தம். பழைய தட்டில் எல்லாருமே கம்பளிக்குள் உட்கார்ந்து வாசித்த மாதிரிதான் இருக்கும். இதில் கிடார்க் கம்பியில் விரல் வழுக்குகிறது கேட்கிறது, டிரம்மின் மேல் பிரஷ் உரசுவது யாரோ அரிசி புடைக்கிற மாதிரி கேட்கிறது. சங்கரவேல் பாடத் தொடங்குமுன் எச்சில் விழுங்குகிறான். முதல் பாட்டு முடிந்து இரண்டாவதில் இன்னாசியின் சாக்ஸ் வந்தபோது வயலட் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினொரு வருஷமாயிற்று அவர் போய். போட்டோ பேசாது, பார்த்துப் பார்த்துச் சட்டம் போட்ட ஒரு படமாகிவிட்டது. இது அப்படியில்லை. அவர் ஊதுமுன் நுனிமூக்கால் இழுக்கிற மூச்சு, முதல் சுரத்தைத் தயங்கித் தொடுகிற பழக்கம், ஊருக்குப் போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றாமல் வாசலில் ஒரு நிமிஷம் நிற்பாரே, அந்தத் தயக்கம். மேல்வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது. நில்லுங்கள், இன்னும் ஓடாதீர்கள், நாலாவது பாட்டு வரப்போகிறது என்று வயலட் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

நாலாவது பாட்டுத்தான் எல்லாம். உப்பு வாருகிற பாட்டு. அதன் நடுவில் ஒன்றரை நிமிஷம் தனியாகச் சாக்ஸ் வருகிறதே, அதைக் கேட்டுத்தான் அடுத்த வருஷம் ஒரு இசையமைப்பாளரின் உதவியாளர் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அதிலிருந்து ஏழெட்டு வருஷம் சினிமாப் பதிவுகள், அதிலிருந்து இந்த மாடி வீடு. இப்போது உறையில் போடுவதற்காக யாரோ எழுதிய கட்டுரையிலும் இரண்டு பத்தி அந்த ஒன்றரை நிமிஷத்தைப் பற்றித்தான். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகாமல் நடுவிலேயே வளைந்து வளைந்து அழுகிற அந்த இடத்தில், ஒரு ஜாஸ்காரன் தன் படிப்பையெல்லாம் மறந்து கடற்கரைக்கு வந்துவிட்டானாம். வயலட் அந்த வரியை இரண்டு தடவை படித்துப் பெருமைப்பட்டிருக்கிறாள். மூன்றாவது பாட்டு தேய்ந்து முடிந்தது. கொஞ்சம் மௌனம். பிறகு, முற்றத்திலிருந்து பேசுகிற மாதிரி, ஒரு குரல்: “எண்ணே, ரீடு ஈரமா இருக்கு.” இன்னொரு குரல்: “எல்லாம் என் எச்சில்தான். தொடச்சிட்டு ஊது.” அவ்வளவுதான். உடனே டிரம், கிடார், பாட்டு. வயலட்டுக்கு முகம் சுண்டிவிட்டது. சாக்ஸின் வாய்முனையில் கட்டுகிற நாணல் சீவலைப் பற்றிய பேச்சு, ஆனால் இரண்டுமே தெரியாத குரல். முதல் குரல் தூத்துக்குடிப் பக்கம், இளவயசு, அது சரி. இரண்டாவது? பேச்சு மெட்ராஸ். ஆனால் ‘ச’ வருகிற இடத்திலெல்லாம் காற்று ஓடுகிறது, நாக்குக் கொழகொழக்கிறது. அந்த நாலு பேரில் இப்படிப் பேசுகிறவர் யாரும் இல்லையே. காது போய்விட்டதா? வயதானால் முதலில் போவது மேல் ஸ்தாயி என்று டாக்டர் சொன்னார். இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே சாக்ஸ் ஆரம்பித்துவிட்டது. யோசனையை விட்டுவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். அது ஏறியது, வளைந்தது, நின்ற இடத்திலேயே கரைந்து இறங்கியது. அப்போது அதற்குப் பின்னால், அறையின் மூலையில், யாரோ இருமினார்கள். இரண்டு சின்ன இருமல், அதன் பின்னால் தொண்டையைச் செருமுகிற ஒரு நீளம். வயலட் கண்ணைத் திறந்தாள். இந்த இருமலுடன் முப்பத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறாள். பூசைக்குக் கோயிலில் ஆண்கள் பக்கம் முந்நூறு பேர் நின்றாலும் இந்த இருமலை வைத்து அவர் எந்தத் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்று சொல்லுவாள். இன்னாசி இருமுகிறார், சாக்ஸ் நிற்காமல் ஊதிக்கொண்டிருக்கிறது.

முள்ளைத் தூக்கி மறுபடி வைத்தாள். குத்துமதிப்பாக வைத்ததில் மூன்றாவது பாட்டின் வாலில் விழுந்தது. காத்திருந்தாள். எண்ணே, ரீடு ஈரமா இருக்கு. எல்லாம் என் எச்சில்தான். பாட்டு. சாக்ஸ். இரண்டு சின்னது, ஒரு நீளம். மூன்றாம் தடவை. நாலாம் தடவை. ஒரு ஆள் ஊதிக்கொண்டே இரும முடியுமா? முடியாது. பிறகு சேர்த்துப் பதிவு செய்திருப்பார்களோ, முதலில் பாட்டு, அப்புறம் தனியாகச் சாக்ஸ்? இல்லை, அந்தக் காசெல்லாம் அவர்களிடம் இல்லை, எல்லாரும் ஒரே அறையில் நின்று ஒரே மூச்சில் வாசித்தது என்று சங்கரவேலே பேட்டியில் சொல்லியிருக்கிறான். அப்படியென்றால் வேறு யாரோ அதே மாதிரி இருமுகிறார்கள். உலகத்தில் ஒரே இருமல் இரண்டு பேருக்கு இருக்கக் கூடாதா? இருக்கலாம். ஆனால் இது அவருடையது. எக்ஸ்சேஞ்சில் முதல் நாள் சூப்பர்வைசர் சொன்னது நினைவுக்கு வந்தது, லைனைக் கொடுத்ததும் கீயை மூடிவிட வேண்டும், ஒட்டுக் கேட்பது பாவம், வேலையும் போகும். மத்தியான மந்தத்தில் வயலட் ஒரே ஒரு லைனை மட்டும் மூடாமல் விட்டிருக்கிறாள். அரக்கோணத்திலிருந்து ஒருத்தர் தினமும் வீட்டுக்குக் கூப்பிடுவார், அந்தப் பக்கம் எடுத்ததும் இரண்டு பேருமே பேசமாட்டார்கள், ஒரு நிமிஷம் மூச்சு மட்டும், பிறகு வைத்துவிடுவார்கள். என்ன அது, சண்டையா, சமாதானமா? கடைசிவரை வயலட்டுக்குத் தெரியாமலே அவர் ரிட்டையர் ஆகிவிட்டார். அந்தத் தெரியாமை இத்தனை வருஷமாகப் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி. பல். வயலட் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தப் புதன்கிழமை. அவருக்கு மேல் முன்பல் இரண்டு வாரமாக வலித்துக்கொண்டிருந்தது, பதிவு முடியட்டும் என்று கிராம்பு வைத்து ஓட்டினார். புதன்கிழமை காலையில் கன்னம் வீங்கி, கண் பாதி மூடிவிட்டது. இவள்தான் பெரம்பூர் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள், பிடுங்கிவிட்டார்கள். வாய் நிறையப் பஞ்சு. வியாழக்கிழமை வாயில் உப்புத் தண்ணீர் கொப்பளித்துவிட்டு, சாக்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். “இந்த வாயை வெச்சிக்கிட்டு எப்படிங்க?” என்று கேட்டாள். “ஏதாவது செய்வேன்,” என்றார். பொக்கை விழுந்த இடத்தில் ‘ச’வும் ‘செ’யும் காற்றாக ஓடின. சாயங்காலம் வந்து படுத்தவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: முடிஞ்சுது. சாக்ஸ்காரனுக்கு மேல் முன்பல்தான் சாய்மானம், அது இல்லாமல் வாய்க்குள் மவுத்பீஸ் நிற்காது என்று பின்னால் எத்தனையோ தடவை எத்தனையோ பேருக்கு அவரே சொல்லிக் கேட்டிருக்கிறாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

ஒருத்தரோடு முப்பத்தாறு வருஷம் இருந்துவிட்டு ஒரு மத்தியானத்தில் அவர் பேசிய பேச்சையெல்லாம் தலைகீழாகக் கொட்டித் தேடுவது என்ன பிழைப்பு. ஆனாலும் தேடினாள். கோபத்தில் தேடினாளா? கோபம் இன்னும் வந்து சேரவில்லை, வழியில் எங்கோ வந்துகொண்டிருந்தது. இப்போது இருந்ததெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற அரிப்பு. என்றைக்காவது அவர் ‘நான் ஊதினேன்’ என்று சொல்லியிருக்கிறாரா? அந்த உதவியாளர் வந்து காபி குடித்துக்கொண்டே, சார், அந்த நாலாவது பாட்டு பிரமாதம் என்றபோது இன்னாசி என்ன சொன்னார்? ‘அது அன்னிக்கு நல்லா அமைஞ்சுது.’ அமைஞ்சுது. மச்சினன் கல்யாணத்தில் பெண் வீட்டுக்காரர் ஒருத்தர் எல்லார் முன்னாலும் புகழ்ந்தபோது? ‘அது வந்த நேரம் அப்படி.’ வந்த நேரம். எல்லாமே அதுவாக வந்தது, அதுவாக அமைந்தது, அதுவாக விழுந்தது. ஒரு வாக்கியத்தில்கூட ஆள் இல்லை. மனுஷன் பொய்யே சொல்லவில்லை. எவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார், முப்பத்தைந்து வருஷம் ஒரு வாக்கியத்திலும் வழுக்காமல். தான் இருக்கும்போது தட்டை வீட்டில் போடவே விடமாட்டார், ஓடாத தட்டு, எதுக்கு அது என்பார். இவளும் அடக்கம் என்று நினைத்தாள், பெண்கள் சங்கத்தில் சொல்லிப் பெருமைப்பட்டும் இருக்கிறாள். அப்புறம் அந்தக் குளியலறை. பொய்ப்பல் கட்டிக்கொண்டு வந்த பிறகு ஐந்தாறு மாதம், காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த ஒரு இடத்தையே, அந்த வளைகிற இடத்தையே ஊதுவார். வராது. மறுபடி ஊதுவார். அடுப்படியில் நின்று இவள் சிரித்திருக்கிறாள், அவரே ஊதினது அவருக்கே மறந்துபோச்சு பார் என்று. மறக்கவில்லை. அவர் கற்றுக்கொண்டிருந்தார். சினிமாக்காரர்கள் அதைக் கேட்டுத்தான் கூப்பிட்டார்கள், அதைத்தான் ஊதச் சொல்வார்கள், அதனால் வேறொருத்தன் ஊதியதைக் குழாயடியில் நின்று ஒவ்வொரு காலையும் பாடம் பண்ணியிருக்கிறார். ஆறாவது மாதம் ஒரு நாள் வந்துவிட்டது. அன்றைக்கு வெளியே வந்தவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. தலை துவட்டாமல் ஈரத்தோடு நின்று, “காபி இருக்கா?” என்றார். அதை ஏன் இத்தனை வருஷம் ஞாபகம் வைத்திருந்தோம் என்று வயலட்டுக்கு இப்போது புரிந்தது.

சரி, யார் அந்த ஆள்? எண்ணே என்றவன். தூத்துக்குடிப் பையன்களில் யாரும் ஊதுகுழல் தொட்டதில்லை, கிடார், மாண்டலின், டிரம் அவ்வளவுதான். குரல் மட்டும் எங்கோ கேட்ட குரல். ரீடு ஈரமா இருக்கு. ஈரமா. அந்த ‘மா’வைக் கொஞ்சம் இழுத்து விடுகிறான். தட்டைக் கழுவ எங்க போகணும்மா என்று ஒருத்தன் கேட்டானே. ஆமாம், அதே ‘மா’. முதல் ஞாயிற்றுக்கிழமை, பதிவு தொடங்குவதற்கு முந்தின நாள், எல்லாரும் இங்கே சாப்பிட வந்தார்கள். அப்போது இந்த மாடியெல்லாம் இல்லை, ஒற்றை அறையும் அடுப்படியும். சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்த வேன் டிரைவர் சாப்பிட வர மாட்டேன் என்று வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான், இன்னாசி போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். கறுத்து ஒல்லியாக, மேல்பொத்தான் வரை போட்ட சட்டை. சாப்பிட்டுவிட்டுத் தன் தட்டைத் தானே கழுவினான். வேண்டாம் தம்பி என்றால் கேட்கவில்லை. பிறகு மூலையில் இருந்த சாக்ஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றான், தொடவில்லை. நம்ம கோயில் பேண்டுல நான் கிளாரினெட் என்றான். வெட்கத்தோடு ஒரு ஓலைப்பெட்டி நிறையக் கருவாடு கொடுத்தான். அதை வைத்து இன்னாசி ஒரு வேடிக்கை சொன்னார். பேரைக் கேட்டுவிட்டு, “அட, பொன்னு இல்ல, தூபம் இல்ல, இந்த ராஜா கருவாடு கொண்டாந்திருக்கார்டி,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்படியானால் குழந்தை ஏசுவைப் பார்க்கப் பரிசோடு வந்த மூன்று ராஜாக்களில் ஒருத்தர் பேர். மெல்கியோர், பல்தசார், கஸ்பார். எது? வயலட் மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். மெல்கியோர் அந்தச் சட்டைக்குப் பொருந்தவில்லை. பல்தசார் என்று அவள் அத்தை வீட்டுக்காரர் ஒருத்தர் இருந்தார், அவர் முகம் குறுக்கே வந்து நின்றுகொண்டு நகர மாட்டேனென்றது. குரல் ஞாபகமிருக்கிறது, கருவாட்டின் வாசனை ஞாபகமிருக்கிறது, தட்டு கழுவிய தண்ணீர் அவன் காலில் தெறித்தது ஞாபகமிருக்கிறது, பேர் மட்டும் இல்லை. பேர்தான் முதலில் போகும் போலிருக்கிறது. பேரைத்தான் விட்டுவிடுகிறோம், எல்லாருமாகச் சேர்ந்து.

சொல்லாமலும் இருந்துவிடலாம். இந்த எண்ணம் வந்ததும் வயலட் சுற்றுமுற்றும் பார்த்தாள், வீட்டில் யாருமில்லை என்று தெரிந்தும். யாருக்குத் தெரியப்போகிறது? பியானோக்காரர் பேசில் போய்ச் சேர்ந்துவிட்டார், ஓட்டலில் வாசித்த மற்ற இரண்டு பேரும் அதற்கு முன்பே. சங்கரவேல் இத்தனை வருஷம் பேட்டியில்கூடச் சொல்லவில்லை, இனியா சொல்லப்போகிறான்? ஜப்பான்காரனுக்கு இன்னாசியின் இருமல் தெரியுமா? இந்த உலகத்தில் அந்த இருமலை அடையாளம் சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான், அவள் காதோடு அது போய்விடும். ஆனால் செத்தவர் பேரிலிருந்து எதையாவது எடுத்துவிட்டால், அவர் எழுந்து வந்தா பதில் சொல்லப்போகிறார்? அந்த ஒன்றரை நிமிஷம் போக அவர் எவ்வளவு ஊதியிருக்கிறார், இரண்டாவது பாட்டில் அந்தத் தயக்கம் யாருக்கு வரும். அதை யார் கேட்கிறார்கள், எல்லாருக்கும் நாலாவது பாட்டுத்தான். கோபம் இப்போது வந்து சேர்ந்தது. என்னிடமாவது சொல்லியிருக்கலாம். பக்கத்திலேயே படுத்துக்கொண்டு முப்பத்தாறு வருஷம். போன் அடித்தது. மணி நாலாகியிருந்தது.

“கேட்டீங்களா மேடம்?” மிருதுளாவின் குரல் சாய்ந்துகொண்டு வந்தது. “சத்தம் எப்படி இருக்கு?”

“சத்தம் ரொம்ப நல்லா இருக்கும்மா. இவ்வளவு நல்லா இருந்திருக்க வேண்டாம்.”

“அந்தக் குரல்கள்?”

வயலட் ஒரு மூச்சு விட்டாள். தட்டு முடிந்து முள் உள்வட்டத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. “ஒண்ணு என் வீட்டுக்காரர். இன்னொருத்தர் பேரைச் சேர்க்கணும், குரலுக்கு இல்ல, சாக்ஸுக்கு. நாலாவது பாட்டுல ஊதுறது இன்னாசி இல்ல.”

“மேடம், கட்டுரை முழுக்க அதைப் பத்தித்தானே...”

“தெரியும்மா. படிச்சேன்.”

“சரி மேடம். பேர் என்ன?”

“அதான் தெரியல. மூணு ராஜாக்கள் பேர்ல ஒண்ணு. எனக்கு ஒரு மணி நேரம் கொடு.”

மிருதுளா கொடுத்தாள். வயலட் அடுத்த நிமிஷமே சங்கரவேலைக் கூப்பிட்டாள். ஒத்திப்போட்டால் திரும்ப அரிசி களையப் போய்விடுவோம் என்று அவளுக்கே தன்னைப் பற்றித் தெரியும். சங்கரவேலுக்கு இப்போது தாடி இல்லை, கோவில்பட்டியில் மகள் வீட்டில் இருக்கிறார், மூட்டுவலி. சுற்றி வளைக்காமல் கேட்டாள், நாலாவது பாட்டுல ஊதினது உங்க வேன் டிரைவர்தானே என்று. அவர் உடனே பதில் சொல்லவில்லை. வயலட் அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்: ஆமாம் என்கிற மௌனம்.

“அண்ணன் சொன்னாரா மதினி?”

“அவர் சொல்லல. இருமியிருக்கார்.”

“அவம் கஸ்பார்,” என்றார் சங்கரவேல். கஸ்பார், சரி, அந்தச் சட்டைக்கு அதுதான். “மொத ரெண்டு நாளும் டீ நேரத்துல அண்ணன்தான் அவன்கிட்ட சாக்ஸைக் கொடுத்து ஊதச் சொல்லிக்கிட்டே இருந்தாரு. வியாழக்கிழமை அண்ணனால முடியல, ரத்தமா வருது. நீ ஊதுடான்னுட்டாரு. ஒரே தடவைதான் மதினி. முடிஞ்சதும் யாரும் பேசல. அண்ணன் அவன் பேரைப் போடணும்னுதான் சொன்னாரு. அவந்தான் ஒத்துக்கல. கோயில் பேண்டுன்னாலும் நாங்க சாவு வீட்டுக்கு ஊதுறவங்க, எம் பேரு இருந்தா எவம் இந்தத் தட்டைக் கல்யாண வீட்டுல போடுவான்னு கேட்டான். நாங்களும் சரின்னுட்டோம்.” நாற்காலி கிறீச்சிட்டது. “சரின்னு சொல்லியிருக்கக் கூடாது. நாங்க இன்னொரு தடவை கேட்டிருக்கணும். ரொம்ப சீக்கிரம் சரின்னுட்டோம்.”

ரொம்ப சீக்கிரம் சரின்னுட்டோம். அந்த உதவியாளர் வந்தபோது இன்னாசிக்கு இன்னொரு சந்தர்ப்பம் கிடைத்தது, அப்போதும் வாயைத் திறக்கவில்லை. வேண்டாம் என்று ஒருத்தன் சொல்லிவிட்டால் நமக்கு எவ்வளவு சௌகரியம். சங்கரவேல் கொடுத்த நம்பரை வயலட் எழுதிக்கொண்டாள். உயிரோடு இருக்கிறானாம், தூத்துக்குடியில்தான், படகு இன்ஜின் பழுது பார்க்கிற கடையில் மகனோடு உட்கார்ந்திருப்பானாம். எண்களை அழுத்தும்போது விரல் ஒரு தடவை தப்பியது. வேறு யாரோ எடுத்தார்கள், தப்பு என்று வைத்தாள். மறுபடி. மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்காவிட்டால் நல்லது என்று ஒரு பாதியும், எடு எடு என்று ஒரு பாதியும்.

“யாரு?” என்றது குரல். கிழட்டுக் குரல், ஆனால் அடியில் அதே ஆள்.

“மெட்ராஸ்லருந்து பேசுறேன். சாக்ஸ் இன்னாசி வீட்டுக்காரி.”

பின்னால் ஏதோ இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. அவர் யாரையோ அதை நிறுத்தச் சொன்னார். உறுமல் நின்றது. “சொல்லுங்கம்மா,” என்றார்.

அவள் சொன்னாள். தட்டு மறுபடி வருகிறது, சுத்தமாகக் கேட்கிறது, இருமல் கேட்டது என்று. கஸ்பார் மெல்லச் சிரித்தார். “இருமாதிங்கண்ணேன்னு கண்ணைக் காட்டிக்கிட்டேதான் ஊதுனேன். அவருக்கு எங்க, அழுதுக்கிட்டு நிக்காரு.”

வயலட்டுக்கு இது தெரியாது. இருமலுக்குள் அழுகை இருந்ததா? இத்தனை வருஷக் காது அதைப் பிடிக்கவில்லையே. “நீங்க அந்தத் தட்டைக் கேட்டிருக்கீங்களா?” என்றாள்.

“எங்க வீட்டுல மிசின் ஏதும்மா. கேட்டதில்ல.”

அவள் போனை மேசையில் வைத்து, முள்ளைத் தூக்கி, இந்தத் தடவை தப்பாமல் வைத்தாள். போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். கை வலித்தது, மாற்றிக்கொள்ளவில்லை. பேச்சு போயிற்று, பாட்டு போயிற்று, அந்த ஒன்றரை நிமிஷம் ஏறி வளைந்து இறங்கியது. தூத்துக்குடியில் ஒரு பட்டறையில் ஒரு ஆள் தன் இருபத்தாறு வயது மூச்சை முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும் போனைக் காதில் வைத்தாள். எந்த மாதிரி மௌனம் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

“நானா அது?” என்றார் கஸ்பார்.

“நீங்கதான்.”

“ரெண்டாவது ஏத்தத்துல அவசரப்பட்டுருக்கேன்.” பிறகு, “மத்தபடி பரவால்ல.”

“உங்க பேரைப் போடச் சொல்லலாமா?”

பக்கத்தில் யாரோ என்னப்பா என்றார்கள், ஒண்ணுமில்ல என்றார். “போடுங்க. அப்ப வேண்டாம்னேன், இப்ப எவம் கேக்கப் போறான். ஆனா வெறும் பேரைப் போட்டா அது யாரோ எவரோன்னு போயிரும். சவ ஊர்வலத்துக்கு ஊதுறவம்னும் போடணும். அங்க படிச்சதுதான் அது. அந்த அழுகையை நான் என் வீட்டுலருந்து கொண்டாரல.”

போனை வைத்ததும் வயலட் ஒரு காகிதத்தில் அப்படியே எழுதினாள். மிருதுளா மறுபடி கூப்பிட்டபோது நிறுத்தி நிறுத்திப் படித்தாள்: நாலாவது பாட்டு, சாக்ஸ், கஸ்பார், சவ ஊர்வல பேண்டு, தூத்துக்குடி. அந்தப் பக்கம் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது.

“அப்போ இந்தப் பாட்டுல சாருக்கு என்ன மேடம் போடறது?” என்று கேட்டாள் மிருதுளா. “ஒண்ணும் போடாம விட்டா கேப்பாங்க.”

“பக்கத்துல நின்னார்னு போட முடியுமா?”

“அப்படி யாரும் போடறதில்ல மேடம்.”

“போட்டுப் பாரேன்,” என்றாள் வயலட்.

பிறகு மறுபடி தட்டச்சுச் சத்தம். அது முடியும்வரை வயலட் லைனிலேயே இருந்தாள்.